காப்பை அவிழ்த்துவிட்டுப் போர்ட் பிளேருக்குப் போனோம்

என் மனைவி மல்லிகாவின் வலது தொடையில் கட்டி தெரிந்தது சென்ற வருடம் தை மாதத்தில். அப்போது பாக்கு அளவுதான். வலி இல்லை. பங்குனி பிறந்தபோது எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. அழுத்தினால் நகரவில்லை. அடியார்களே, நான் அந்தமானில், திக்லிபூரில் பாக்கு வியாபாரம் செய்கிறவன். வாய் நீளம், பொறுமை குறைவு. நான் மன்றாடிக் கேட்ட ஒன்றை முருகன் தராமல் போனதால்தான் அவள் இன்று உயிரோடு இருக்கிறாள். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிளினிக் டாக்டர் தொட்டுப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா போர்ட் பிளேர்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அப்புறம் சனிக்கிழமை கட்டியை எடுத்துடலாம்" என்று, மல்லிகா வெளியே போனபின் என்னிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் பங்குனி உத்திரக் காவடிக்கு நான் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் கோயிலில் இது கண்டிப்பு. ஏழு வருடமாகச் செலுத்தாமல் கிடந்த வேண்டுதல் வேறு. போர்ட் பிளேர் என்றால் பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். தாண்டினால் சாமி குற்றம் ஆகிவிடுமே என்று பயந்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மல்லிகாவிடம் ஸ்கேன் பற்றி மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை வந்தது. அவள் உள்ளே உடை மாற்றப் போனபோது டாக்டர் ஸ்கேன் எங்கே என்று கேட்டார். "எடுத்தாச்சு டாக்டர் சாப். கொழுப்புன்னுதான் வந்திருக்கு. ரிப்போர்ட்டை வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்" என்றேன். கழுத்தில் ருத்திராட்சம், கையில் மஞ்சள் காப்பு, வாயில் பொய். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "முருகா, இன்னைக்கே இது முடியணும்" என்று வேண்டினேன்.

முடியவில்லை. மரத்துப்போகப் போடும் ஊசி மருந்து தீர்ந்திருந்தது. கடல் மோசமாக இருந்ததால் மருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. புதன்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாமி படத்துக்கு முன்னால் நின்று, "உனக்காகத்தானே இங்க கிடக்கேன், இந்தச் சின்ன வேலைகூட உன்னால ஆகாதா?" என்று சண்டை போட்டேன்.

மறுநாள் என் சட்டையைத் துவைக்க எடுத்த மல்லிகா சீட்டோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னதையும், காப்புக்காக நான் மறைத்ததையும் சொன்னேன்.

"எனக்குத்தானே கட்டி? என்கிட்ட சொல்ல வேணாமா? நீங்க காப்போட இருங்க. நான் தனியா போய்க்கிறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். அன்று மாலை கோயிலுக்குப் போய் என் கையாலேயே காப்பை அவிழ்த்தேன். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எது பாவம், எது புண்ணியம் என்று எதுவும் விளங்கவில்லை.

விடியும் முன்பே பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. போர்ட் பிளேர் ஷாதிபூரில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் ஸ்கேனுக்குப் போனோம். ஒரு பெங்காலி டாக்டரம்மா. என்னையும் உள்ளே விட்டார். தொடையில் ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அலைந்தது. பிறகு சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப்பொட்டாக மினுங்கியது. பார்க்க அழகாக இருக்கிறதே, நல்லதுதான் போல என்று நினைத்த மடையன் நான். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார்.

"கிஸீ நே காட்டா தோ நஹீ?" யாராவது இதில் கத்தி வைத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "பஹுத் அச்சா ஹுவா", ரொம்ப நல்லதாப் போச்சு என்று நீண்ட மூச்சு விட்டார்.

பிறகு இந்தியில் நிதானமாக விளக்கினார். கட்டி தோலுக்கடியில் இல்லை, சதைக்குள்ளே ஆழத்தில் இருக்கிறது. மினுங்கியது அதற்குள் ஓடும் ரத்தம். பக்கத்திலேயே காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். கொழுப்பு என்று நினைத்துச் சின்ன கிளினிக்கில் கீறியிருந்தால் ரத்தம் நின்றிருக்காது. கெட்ட கட்டியாக இருந்தால் சுற்றிலும் பரவி, காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். அது நல்லதா கெட்டதா என்பதை இந்த ஸ்கேன் மட்டும் சொல்லாது, உடனே கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போங்கள் என்றார். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். மல்லிகாதான் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

உத்திரத்தன்று எங்கள் ஊரில் காவடி புறப்பட்ட நேரம், நான் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். உள்ளே ஸ்கேனில் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசி விட்டுச் சதைத்துணுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கத் தெரியாதவன் என்பதுதான் தெரிந்துவிட்டதே! முருகா, முருகா என்று பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கெட்ட கட்டிதான். ஆனால் பரவவில்லை. எங்கே கீறுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, முழுசாக எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதன்பிறகு கதிர்வீச்சு சிகிச்சை. இப்போது மல்லிகா லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பொய் சொல்வதை விட்டுவிட்டேன்.

அந்தக் கப்பலை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். அடியார்களே, டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கிளம்புங்கள். விரதமோ திருவிழாவோ எதுவாக இருந்தாலும் கிளம்புங்கள். பயமாக இருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து கும்பிடுங்கள். அங்கேயும் அவன் கேட்பான்.