பாலத்தில் கிடந்த கதவு

கல் தூண்களின் மேல் மரப்பலகைகள் பரப்பிய அந்தப் பழைய பாலத்தின் ஓரத்தில் சலூன் வைத்திருப்பவரை ஊரே ‘கதவண்ணன்’ என்றுதான் கூப்பிடும். வெள்ளம் ஒரு பலகையை அடித்துப்போன அன்று, பிரசவ வலியில் துடித்த அவர் மனைவியை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் அந்த இடைவெளிக்கு முன்னால் நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கடையின் தடித்த தேக்குக் கதவைப் பெயர்த்து வந்து கிடத்தினார். வண்டி கடந்தது. மகள் பிறந்தாள். கதவு அங்கேயே ஆணியடிக்கப்பட்டு, மழையும் வெயிலும் குடித்துப் பலகையோடு பலகையாகிவிட்டது.

பனிமூட்டத்தில் பாலம் ஆற்றின் மேல் மிதப்பதுபோல் இருக்கும். கதவின் மேல் காலடி விழும்போதெல்லாம், யாரோ தன் வீட்டுக்குள் நுழைவதாகவே அவருக்குக் கேட்கும்.

இப்போது பாலத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கப் போகிறார்கள். பழுதுபார்க்கும் தச்சர்களில் அவர் மகளும் ஒருத்தி. ஆதியில் போட்ட மரத்தைத் தவிர மற்றதெல்லாம் போய்விடும் என்று பேச்சு. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“மேடம், அது என் பொண்ணோட உயிரு. எடுத்துடாதீங்க” என்று ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் கெஞ்சினார்.

அந்த அம்மாள் கீல் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “எதுக்கு எடுக்கணும்? அவசரத்துக்கு ஜனங்க என்ன செஞ்சாங்கங்கிறதும் இந்தப் பாலத்தோட பெருமைதானே? பலமா இருந்தா இருக்கட்டும்.”

கதவண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் குனிந்து சுத்தியலால் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

“அப்பா… உள்ள உளுத்துப்போச்சுப்பா.”

“நல்லாப் பாரும்மா!”

“பாத்துட்டேன்ப்பா. வண்டி ஏறினா உடைஞ்சிடும். இன்னொரு பிள்ளத்தாச்சி இந்த வழியா வருவாங்கல்ல?”

அவர் கதவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெத்தவ நானு, கல்லு மாதிரி நிக்கிறேன்” என்றாள், வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவி பின்னாலிருந்து. “நீங்க ஏங்க வலி கண்டவர் மாதிரி முழிக்கிறீங்க?”

தச்சர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மகளின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார்.

“நான் போட்டது. நானே எடுக்கிறேன்.”

கதவு முனகிக்கொண்டே கிளம்பியது. அது இருந்த இடத்தில் வெளிச்சம் கீழேயிருந்து எழுந்தது. வெகு ஆழத்தில் ஆறு, கல் தூணைச் சுற்றிச் சுழன்று, கனவுபோல் போய்க்கொண்டிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். அன்று ஆம்புலன்ஸில் படுத்தபடி போனவள் வண்டியின் கூரையை மட்டுமே கண்டிருந்தாள்.

“இவ்வளவு ஆழமாங்க?”

இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. அவர் கையைப் பற்றிக்கொண்டாள். மகள் புதுப் பலகையைக் கொண்டுவந்த பிறகும் விடவில்லை.