மண்முனைப் பாதை ஏறி, புதைத்த புத்தகங்களைத் தேடிப் போனது

சண்டை முடிந்த அடுத்த வருடம், ஆவணி மாதத்தில் போன பயணம் இது. எனக்கு எழுத்து வாசிப்புக் கிடையாது. நான் சொல்ல மகள் கணினியில் அடிக்கிறாள். இடம்பெயர்ந்த நேரம் புதைத்துவிட்டு வந்த சாமான்களைத் தேடி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குப் போக நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்களாம். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நான் தேடிப் போனது நகையுமில்லை, காணி உறுதிப் பத்திரமுமில்லை. மூன்று புத்தகங்கள். என் மகன் சுதன் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் புவிச்சரிதவியல் படித்தவன். கல்லும் மண்ணும் மலையும் கடலும் எப்படி உண்டானது என்று புதிதாகப் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள் அவை. பக்கங்களை இறுக்கிப் பிடித்து, வெளி ஓரத்தில் நீலப் பேனையால் தன் பெயரை எழுதி வைத்திருந்தான்.

சுனாமி வந்த வருடம் கார்த்திகையில் லீவில் வந்தவன், படுவான்கரையில் இருந்த கூட்டாளி தீபனுக்குப் புத்தகங்களை இரவல் கொடுக்கப் போனான். நானும் கூடப் போனேன். ஆற்றைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். அந்தப் பாதையில் நின்றுகொண்டு ஒரு படத்தை விரித்துக் காட்டினான். கரையில் ஒற்றைத் தென்னை. அதற்குக் கீழே தண்ணீர் வற்றின வெறுந்தரை. அங்கால் சுவர் மாதிரி எழும்பி வருகிற கடல்.

"தண்ணி உள்ளுக்க இழுத்தா பாத்துக்கொண்டு நிக்கப்படாதப்பா. பின்னால வாறது பெரிசு."

"இது எந்த நாட்டுக் கடல் மனே?"

"யப்பான்."

"அப்ப நமக்கென்ன?" என்றேன். அவனும் சிரித்தான்.

அடுத்த மாதம் கடல் வந்தபோது சுதன் என் தம்பி வீட்டில் நின்றான். அது ஆற்றுவாய்க்குக் கிட்ட. மாரியில் ஆறு பெருகினால், ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கிற மணலை வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். வெட்டினால் ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். கூடவே இறால் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஊரே வலையோடு ஓடும். அன்றைக்கு முதல் வந்த தண்ணீர் முழங்காலளவுதான். அது திரும்பிக் கடலுக்கு இழுக்க, "ஆத்துவாய் உடைச்சிற்று, இறால் இறங்குது" என்று சனம் கத்தியது. வேறு ஊர்ச் சனமென்றால் பயந்திருக்கும். எங்கள் சனம் சந்தோசப்பட்டது. என் தம்பி போனான். சுதனும் போனான். இரண்டு பேரையும் மூன்றாம் நாள் எடுத்தோம்.

தம்பியின் பெண்சாதி பூரணம் செத்தவீட்டிலேயே சொல்லிவிட்டாள். "நான் குசினிக்க நிண்டன். 'சித்தப்பா, சித்தப்பா' எண்டு உங்கட மகன் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதுக்க கிடக்கு. இறால் ஆசையில என்ர மனிசனையும் கூட்டிக்கொண்டு போயிற்றான்." அதற்குப் பிறகு எங்கள் படலைக்குள் அவள் கால் வைத்ததில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்புவாள்.

அந்தப் படத்தைப் பார்த்தவன் இறாலுக்குப் போவானா? இதைத்தான் பூரணத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கடையில் வேறு புத்தகம் வாங்கிக் காட்டலாம் என்று மகள் சொன்னாள். "இத அவன் படிச்சதெண்டு ஆர் கண்டது?" என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் பெயர் போட்ட புத்தகமே வேண்டும்.

அதற்குள் படுவான்கரையில் சண்டை வந்தது. தீபன் புத்தகங்களைப் புதைத்துவிட்டு ஓடினான். அவன் வன்னிக்குப் போய், முகாமில் இருந்து, வீடு வந்து சேரும் வரைக்கும் புதைத்த இடம் தெரிந்த ஆள் எவரும் இல்லை.

காலை ஆறரைக்கு ஆரையம்பதிச் சந்தியில் ஓட்டோ பிடித்தேன். காத்தான்குடி ரபீக், தெரிந்த பிள்ளை. போய்வர ஆயிரத்தைந்நூறு ரூபாய் பேசினோம். பாதையடிக்கு இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பாதைக்காக முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டி வந்தது.

"மண்வெட்டியோட போறீங்க. புதையலா ஐயா?"

"ஓம். மூணு புத்தகம்."

"வாசிக்கத் தெரியாத மனிசனுக்குப் புத்தகப் புதையலா? அல்லாஹ்வே!" என்று சிரித்தான். காரியத்தைச் சொன்ன பிறகு சிரிக்கவில்லை. ஆறு கடந்து, தீபன் இருக்கிற கொக்கட்டிச்சோலையில் இறங்கினதும் மண்வெட்டியை அவனே தூக்கிக்கொண்டான்.

தீபனின் வளவில் வீடு இல்லை, தகரக் கொட்டில்தான். முப்பது வயதாகாதவன், என்னைவிடக் கிழவன் போல நடந்து வந்தான். "வாங்க மாமா. பாலை மரத்துக்குக் கீழதான் தாட்டனான். இப்ப மரத்தக் காணல்ல." சண்டையில் செல் குண்டு விழுந்து மரம் முறிய, அடிக்கட்டையையும் ஆரோ விறகுக்குக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். வேலிக்கு அங்கால் கண்ணிவெடி இருக்கிறதென்று மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தது. "அந்தப் பக்கம் கால் வைக்காதீங்க" என்றான். கிணற்றிலிருந்து காலால் அளந்து முதல் குழி வெட்டினோம். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் வேர்தான். மூன்றாவது குழியில், முழங்கை ஆழத்தில், உரப்பை தட்டுப்பட்டது.

இரண்டு புத்தகத்தைக் கறையான் மண்ணாக்கியிருந்தது, தொட உதிர்ந்தது. மூன்றாவதற்கு அட்டை இல்லை. தண்ணீர் ஊறிக் காய்ந்து கல்லாகியிருந்தது. ஆனால் ஓரத்தில் நீலமாக எழுத்துத் தெரிந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான்.

பக்கங்களைப் பிரிக்கப் போன ரபீக்கின் கையைத் தீபன் பிடித்தான். "இழுத்தா கிழியும். நீராவியில வைச்சுப் பிரிக்கலாம்." கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துப் பொறுமையாகப் பிரித்தான். மத்தியானம் தாண்டித் தென்னை மரம் வந்தது. வெறுந்தரையும் சுவரும் வந்தன. தீபன் கீழே இருந்த வரிகளை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு எழும்பிப் போனான். அன்றைக்கு ஆற்றுவாயில் கடல் கொண்டுபோனவர்களில் அவனுடைய தமையனும் ஒருவன்.

திரும்பும்போது பாதையடிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஆமிப் பொடியன் புத்தகத்தைப் புரட்டினான். நிலத்துக்குக் கீழே அடுக்கடுக்காக வெட்டிக் காட்டின படமொன்றில் விரலை வைத்து, "பங்கர்?" என்றான். ரபீக் சிங்களத்தில் "இல்ல சேர், பூமி, பள்ளிக்கூடப் படிப்பு" என்று விளங்கப்படுத்தினான். பொடியன் இன்னும் புரட்டி, இலங்கை வரைபடம் இருந்த தாளைக் கிழித்துத் தன் சட்டைப்பையில் போட்டான். அந்தத் தாளின் முதுகில்தான் தென்னை மரம் இருக்கிறதோ என்று பயந்தேன். கேட்டால் முழுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்வான். கேட்கவில்லை. பாதை நடு ஆற்றுக்கு வந்த பிறகுதான் திறந்து பார்த்தேன். இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பூரணத்தின் வீட்டுக்கு விடச் சொன்னேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. புத்தகத்தை நீட்டினேன். ஓரத்துப் பெயரைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அந்தப் பக்கத்தை வாசித்தாள். பிறகு இன்னொருக்கால் வாசித்தாள்.

"இது தெரிஞ்சவன் ஏன் அத்தான் போனான்?"

அவள் குந்தியிருந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "சத்தம் கேட்டு வெளிய வந்து பாத்தனான். செத்தவீட்டில இதச் சொல்லல்ல. உங்கட தம்பி முன்னுக்கு ஓடுறார், தோள்ல வலை. சுதன் பின்னுக்கு, கூப்பிட்டுக் கூப்பிட்டு." தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "அவன்ர கையில வலை இருக்கல்ல, அத்தான்."

புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

போகிறவர்களுக்குச் சில விசயம். இப்போது மண்முனையில் பாலம் வந்துவிட்டது. பாதைக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. புதைத்த ஆளையே கூட்டிக்கொண்டு போங்கள். மரத்தை அடையாளம் வைத்திருந்தால் அதை நம்பாதீர்கள். கிணறு இருக்கும், மரம் இருக்காது. ஊர் ஆட்கள் நடக்காத இடத்தில் மண்வெட்டி போடாதீர்கள். புத்தகம் கிடைத்தால் அந்த இடத்தில் இழுத்துத் திறக்க வேண்டாம், நீராவி காட்டுங்கள். புவிச்சரிதவியல் தொடங்குகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் விரித்துக் காட்டுகிற படத்தைப் பாருங்கள். எந்த நாட்டுக் கடல் என்று கேட்க வேண்டாம். ஆறோ கடலோ ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக இழுத்தால் வலையை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு மேட்டுக்கு ஓடுங்கள்.