எஸ்தர் போடாத கையெழுத்து

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது, நான் மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஜன்னலோரச் சீட்டுக்காக ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய இதய வார்டு வாட்ஸ்அப் குழுவில் அவள் படம். புற்றுநோய் என்றும், அடக்கம் நாளை அச்சரப்பாக்கத்தில் என்றும் கீழே எழுதியிருந்தது. மூன்று மாதமாக அவள் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

'வாடி போடி' என்றே பழகியவள். செத்ததும் 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை; அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் அந்த வார்டில் நர்ஸாக இருந்தபோது ஒருநாள், இதயம் பலவீனமான ஒரு பெண்மணி, மூச்சுத் திணறலே இல்லை என்று டாக்டரிடம் சாதித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் அவசரம். எஸ்தர் கட்டில் ஓரமாகப் போய், "எத்தினி தலகாணி வெச்சினு படுக்குறம்மா?" என்றாள். மூன்று. போன மாதம்? ஒன்றுதான். படுத்தால் மூச்சு முட்டுகிறவர்தான் தலையணையை ஏற்றிக்கொண்டே போவார்; நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. "தலகாணிக் கடை வெக்கப் போறியாடி?" என்று நான் கிண்டல் செய்தேன். "மனுசங்க பொய் சொல்லுவாங்க, தலகாணி சொல்லாது" என்றாள். நானும் சிரித்தேன்.

தொடை வழியாக ஆஞ்சியோ செய்தவர்களுக்குக் கால் மணிக்கு ஒருமுறை பாதத்தைத் தொட்டு, நாடி துடிக்கிறதா, சூடு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். வார்டு நர்ஸ்கள் நமக்குள் ஒரு பழக்கம் இருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஷிப்டுக்காரி வரத் தாமதமானால், அவள் இன்ஷியலைப் போட்டு அவளுடைய வரிகளையும் நாமே நிரப்பிவிடுவோம். அதற்கு உதவி என்று பெயர் வைத்திருந்தோம். எஸ்தர் மட்டும் யாருக்கும் அந்த உதவியைச் செய்ததில்லை, கேட்டதுமில்லை.

ஒருநாள் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த மீனவர் ஒருவருக்கு ஆஞ்சியோ. இரண்டு மணிக்கு வரவேண்டிய எஸ்தரின் பேருந்து ஜிஎஸ்டி சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு, இரண்டேகால் என நான்கு வரிகளிலும் 'நாடி நன்று' என்று எழுதினேன். கடைசி இரண்டுக்கும் அவளுடைய இன்ஷியல்.

இரண்டே இருபதுக்கு அவள் வந்தாள். தோள்பையைக் கழற்றாமலே தாளைப் பார்த்தாள், பிறகு காலைத் தொட்டாள். "இன்னாடி இது? பேப்பர்ல பல்ஸ் கீது, கால்ல இல்லியே! ஜில்லுனு கீது!" என்று கத்திக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். ரத்தக்குழாயில் அடைத்திருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். கால் பிழைத்தது.

மறுநாள் விசாரணை. பெரிய டாக்டர் தாளை நீட்டி, "ரெண்டு மணிக்கும் ரெண்டேகாலுக்கும் உன் கையெழுத்து. தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். என் கையெழுத்து எஸ்தருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாள். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். "லேட்டா வந்தது என் தப்பு டாக்டர்" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. பார்க்காத நேரத்துக்குப் பொய் எழுதியவள் என்று மெமோ கொடுத்து, அவளை வார்டிலிருந்து டோக்கன் கவுண்டருக்கு மாற்றினார்கள்.

படிக்கட்டில் நன்றி சொன்னேன். "உன் தேங்க்ஸ் யாருக்கு வோணும்? நா போட்டுக்குடுக்க மாட்டேன். நாளிக்கி நீயே போய் சொல்லிடு" என்றாள். நான் போகவில்லை. வேலை நிரந்தரமானதும் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

அடக்கத்துக்கு அந்த மீனவர் வந்திருந்தார், இரண்டு காலால் நடந்து. "நீங்களும் அந்த வார்டு சிஸ்டர்தான? நீங்கள்லாம் பாத்துக்கினதாலதான் இன்னும் கடலுக்குப் போய்க்கினு கீறேன்" என்று கும்பிட்டார். வெட்கமில்லாமல் நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

எஸ்தரின் அம்மா என் கையைப் பிடித்தார். "கூடவே இருந்தியேம்மா. எம்பொண்ணு பொய்யா எழுதுனாளா?" பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றேன். அந்தத் தாய் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பார்!

அந்த மீனவரின் கால் சில்லிட்ட நாளிலிருந்து, தொட்டுப் பார்க்காமல் ஒரு வரிகூட நான் எழுதுவதில்லை. எஸ்தர் எனக்கு விட்டுப்போனது அதுதான். மற்றவர்கள் அதைக் கவனம் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது வெறும் பயம். அவளுடைய நல்ல பெயரும் இத்தனை நாள் என்னிடம்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. உங்கள் மகள் பொய் எழுதவில்லை. அந்த நான்கு வரிகளையும் எழுதியது நான். அந்தக் காலை நான் தொடவே இல்லை.