பத்து பாகாட்டில் நின்ற செய்திகள்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் விரல்கள் பேச ஆரம்பித்துவிடும். கீபோர்டை நான் தட்டுகிற தட்டில் பக்கத்து மேசைக்காரர்கள் தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மதியம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் செனாய் என்ற ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகமே காலியாகிவிட்டது. பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் எனக்குப் பயந்து போயிருந்தார்கள்.

நான் செய்வது மிடில்வேர் வேலை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர்” என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். உண்மையில் அது ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை இன்னொரு கம்ப்யூட்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. இரண்டுக்கும் நடுவில் கியூ என்று ஒன்று இருக்கும். அனுப்புகிறவன் செய்தியை அதில் போட்டுவிட்டு அவன் பாட்டைப் பார்க்கப் போகலாம். வாங்குகிறவன் ஆற அமர வந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவரை செய்தி தொலையாது. இண்டகிரேஷன் நோட் என்பது அந்தக் கியூக்களுக்கு இடையே உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன். சிங்கப்பூர்த் தலைமை அலுவலகம் ஒரு மாதிரி எழுதும், பத்து பாகாட் ஊரில் இருக்கும் எங்கள் துணி ஆலை வேறு மாதிரிதான் படிக்கும். நோட் ஒன்றை வாங்கி மற்றொன்றாக மாற்றி அடுத்த கியூவில் போடும்.

சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு இந்த வேலை என்றால் பைத்தியம். நானே கட்டிய வழியில் ஒரு செய்தி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் முழுசாய் வெளியே வருவதைப் பார்க்கும்போது, இத்தனை வருடம் ஆகியும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். தனியாக இருந்தால் கையும் தட்டுவேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கை தட்டுவதற்காக மட்டும் நான் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு முன் பல வருடங்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவள் நான். இரண்டு நாட்டையும் இணைக்கிற ஜொகூர் பாலத்தைத் தினமும் கடப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாய்ச் சொல்வார்கள். மகள் எழுவதற்கு முன் கிளம்புவேன், அவள் தூங்கிய பின் வருவேன். செனாயில் இந்த வேலை கிடைத்தபோது சம்பளம் குறைவு என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டேன். தகுதிகாண் காலம் முடிகிற நேரத்தில்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். பழைய சர்வரிலிருந்து புதிய நோடுக்கு நான் எல்லாவற்றையும் மாற்றிக் காட்ட வேண்டும். மாற்றிவிட்டால் இந்த வேலை ஜொகூரிலேயே இருக்கும். முடியாவிட்டால் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், எனக்கு இங்கே வேலை இல்லை. தலைமை அலுவலக மேலாளர், ஒரு சிங்கப்பூர்ச் சீனர், இதை முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, சொன்ன விஷயம் அறவே பிடிக்கவில்லை.

சிங்கப்பூரில் என் பழைய முதலாளி மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வருகிறேனா இல்லையா என்று அதே வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும். இங்கே தோற்றால் மறுபடி பாலம்தான்.

அது ஜொகூரில் வெள்ளிக்கிழமை வேலை நாளாக மாறிய முதல் வாரம். அதுவரை எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் அலுவலகமும் திறந்துவிடும். வருடம் பிறந்ததும் எல்லாம் சனி, ஞாயிறுக்கு மாறியது. அன்று காலை எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரே கூத்து. பள்ளி வேன்காரர் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார், எதிர் வீட்டு அக்கா நைட்டியோடு ஓடிவந்து, “அலமாக், இன்னிக்கு ஸ்கூல் இருக்கா?” என்று வேன்காரரையே கேட்டார். என் வீட்டுக்காரரும் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர்தான். உடம்புக்குப் பழகிய வெள்ளிக்கிழமை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

மேலாளர் கணக்குப் போட்டுத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளி மதியம் தொழுகை இடைவேளை நீளம். பத்து பாகாட் ஆலையில் சரக்கு ஏற்றும் இடம் அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் பழையதை நிறுத்திப் புதியதை ஓட விடுவது. மூன்று மணிக்குள் ஆலையின் பிரிண்டரில் ஆர்டர் தாள்கள் வர வேண்டும். அவை வந்தால்தான் ஆட்கள் சட்டைப் பெட்டிகளை எடுத்துக் கண்டெய்னரில் ஏற்ற முடியும். வராவிட்டால் பழைய சர்வருக்கே திரும்புவது, அத்தோடு என் கதை முடிந்தது.

திங்கள் முதல் வியாழன் வரை சோதனைச் செய்திகள் அனுப்பிப் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. அதனால் நானும் தெனாவட்டாகத்தான் ஆரம்பித்தேன். பழையதை நிறுத்தினேன். புதிய நோடைக் கிளப்பினேன். மேலாளர் வீடியோ அழைப்பில் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து முதல் ஆர்டர் வந்தது, நோட் அதை அழகாக மாற்றியது, செனாயை விட்டுக் கிளம்பியது, பத்து பாகாட் கியூவில் போய் இறங்கியது. இறங்கி, அங்கேயே நின்றது.

அடுத்ததும் நின்றது. அதற்கு அடுத்ததும். எடுக்க எடுக்கக் குறைய வேண்டிய, காத்திருக்கும் செய்திகளின் எண் ஏறிக்கொண்டே போனது.

இரண்டு ஊரையும் இணைக்கிற சேனல் ஓடுகிறதா? ஓடுகிறது. வழியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா? இல்லை. கெட்டுப்போன செய்திகளை ஒதுக்கி வைக்கிற கியூவில் பார்த்தேன், சுத்தமாய்க் காலி. அந்தப் பக்கம் செய்தியை எடுத்து பிரிண்டருக்கு அனுப்ப வேண்டிய புரோகிராம் செத்துப்போய்விட்டதா? அதுவும் உயிரோடுதான் இருந்தது. நான் மாற்றிய வடிவத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து ஒரு செய்தியைத் திறந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. எல்லாம் சரி, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. இதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் உண்டா? அப்போதுதான் கீபோர்டு கதறியது, அலுவலகம் காலியானது.

பழையதுக்குத் திரும்பிவிடலாமா என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். மூன்று மணிவரை நேரம் கொடுத்திருக்கிறீர்கள், மூன்று மணிவரை பேசாதீர்கள் என்றேன். பெரிய மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் அந்தக் கியூவின் அமைப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். செய்தியைப் போடலாமா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று இருந்தது. எடுக்கலாமா என்ற இடத்தில் ‘தடை’ என்று இருந்தது.

தடையா! வியாழன் மாலைவரை திறந்திருந்த கதவை யார் பூட்டியது? கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தடையை நீக்கினேன். மறு நொடி அத்தனை செய்திகளும் மளமளவென்று இறங்கிக் கியூ பூஜ்யத்துக்கு வந்தது. நான் கை தட்டினேன். திரையில் மேலாளரும் தட்டினார். அப்பாடா என்று எழுந்துபோய் ஒரு மைலோ கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

இரண்டு மணி ஆனது. எண் மறுபடி ஏற ஆரம்பித்தது. கதவு மறுபடி பூட்டியிருந்தது.

என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. மேலாளருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. மணி அடித்தாற்போல் பூட்டுகிறது என்றால் இது மனிதன் செய்கிற வேலை இல்லை என்று பத்து பாகாட் சர்வருக்குள் நுழைந்து, தானாக ஓடுகிற வேலைகளைத் தேடினேன். கிடைத்தது. கையளவு ஸ்கிரிப்ட். யாராவது தெரியாமல் திறந்துவிட்டாலும் மறுபடி மூடும்படி, மணிக்கு ஒருமுறை ஓடிக் கதவைச் சாத்துகிறது. எந்த நாட்களில் என்று பார்த்தேன். வெள்ளி, சனி.

நான் சிரித்துவிட்டேன். தனியாக, சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஜொகூரில் மனிதர்களுக்குச் சொன்னார்கள், பள்ளிக்குச் சொன்னார்கள், வேன்காரருக்குக்கூடச் சொன்னார்கள். கியூ மட்டும் இன்னும் பழைய விடுமுறையில் படுத்திருந்தது. நாங்களே எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு என்று தடுமாறிக்கொண்டிருந்ததில், அதற்கும் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சோதனையெல்லாம் வியாழனோடு முடிந்துவிட்டதால் அதுவும் மாட்டிக்கொள்ளவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அது ஆலையின் சர்வர். தானாக ஓடுகிற எதையும் ஆலைப் பொறுப்பாளர் சொல்லாமல் நான் தொடக்கூடாது, அதுதான் எங்கள் முறை. பொறுப்பாளர் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளர், ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன். தொழுகைக்குப் போயிருந்தார், ஃபோன் அணைந்திருந்தது. மணிக்கு மணி நானே கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் அதற்குப் பெயர் வேலை முடிந்தது என்று இல்லை, மேலாளர் ஏற்கவும் மாட்டார். பழைய சர்வருக்கே திரும்ப ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டார். நான் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டரை மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“என்னா தங்கச்சி, இத்தன மிஸ் கால்? இப்பதான் பள்ளிவாசல்லேர்ந்து வர்றேன். என் பொண்டாட்டிகூட இப்படிக் கூப்பிட்டது இல்ல லா.”

“அண்ணே, உங்க சர்வர்ல வெள்ளிக்கெழம ஆனா கியூவ மூடுற மாதிரி ஒன்னு ஓடுது. யாரு வச்சது?”

அந்தப் பக்கம் ஒரு வெடிச் சிரிப்பு.

“அய்யய்யோ, அது நான் கேட்டு வாங்கினது மா! முன்ன நாங்க வெள்ளி, சனி லீவுல்ல? சிங்கப்பூர்க்காரங்க வெள்ளிக்கெழமயும் ஆர்டர் அனுப்புவாங்க. இங்க ஆளே இல்லாம பிரிண்டர் அது பாட்டுக்கு அடிச்சுத் தள்ளும். ஞாயித்துக்கெழம வந்து பாத்தா தரையெல்லாம் பேப்பர். அதான் மூடி வைக்கச் சொன்னேன்.”

“லீவுதான் மாறிருச்சே அண்ணே!”

“எனக்கு மாறிருச்சு. அதுகிட்ட யாரு சொன்னா?”

“நான் சொல்றேன், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க!”

“மாத்து மா, மாத்து! மாத்திட்டு கேக்கக் கூடாதா?”

வெள்ளியை எடுத்தேன், ஞாயிறைப் போட்டேன். கதவைத் திறந்தேன். அண்ணன் ஃபோனைப் பிடித்தபடியே பிரிண்டர் இருக்கும் இடத்துக்கு ஓடினார், அவர் மூச்சிரைப்பது எனக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம்.

“வருது மா! வந்துக்கிட்டே இருக்கு! டேய், ஃபோர்க்லிஃப்ட எடுங்கடா!”

எந்தப் பாட்டுக் கச்சேரியும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. மூன்று மணிக்கும் உட்கார்ந்து பார்த்தேன். எண் பூஜ்யத்திலேயே இருந்தது. சந்தோஷத்தில் மேசையை ஓங்கி அடித்ததில் மைலோ கொட்டிவிட்டது, கொட்டினால் கொட்டட்டும்.

மேலாளருக்கு விளக்கிச் சொல்லத்தான் பாடுபட்டேன். வாரக் கடைசி எப்படி வெள்ளிக்கிழமை வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கமே இருந்த மனிதர், பாவம். ஒருவழியாகப் புரிந்ததும் அவரும் சிரித்தார். பிறகு, செடெனாக்கில் இருக்கிற கிடங்கின் நோடைத் திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம், அதையும் நீங்களே பாருங்கள் என்றார். அப்படியென்றால் நான் இங்கேதானா என்று கேட்டேன். வேறெங்கே என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று பழைய முதலாளிக்கு ஃபோன் செய்தேன். வரவில்லை, மன்னியுங்கள் என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரலா அது? சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனபோது வெயில் தாழவில்லை. மகள் கூடத்தில் தரையில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன், அவள் முன்னால் நாங்கள் பேசியதே இல்லை. இருந்தாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது.

“அம்மா சிங்கப்பூர் வேலைக்குப் போகல. இங்கயேதான் இருக்கப் போறேன்.”

குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“நெசமாவா? அப்ப அப்பாகிட்ட சொல்லிறலாமா?”

“என்னன்னு?”

“தல பின்ன கத்துக்க வேணாம்னு. நீங்க மறுபடி சிங்கப்பூர் போயிட்டா காலையில அவருதான் எனக்குப் பின்னி விடணுமாம். நீங்க வர்றதுக்கு முன்னாடி டெய்லி கத்துக்கிறாரு மா. ரொம்ப வலிக்குது. ஆனா அவருகிட்ட நான் சொல்லல.”

சமையலறை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் அவளுடைய நீல ரிப்பன் சுற்றியிருந்தது.