மாரியில் நனைத்த பஞ்சு

வாவிக்கரையில் இருந்த அந்தச் சின்னப் பருத்தி மில்லில், பஞ்சை அமுக்கிப் பொதியாக்கும் பிரஸ்ஸில் நான் நின்றேன். பஞ்சுக்குத் தண்ணீர் தெளிப்பது அக்காவின் வேலை. கூடப்பிறந்தவள் அல்ல, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். புருஷன் விட்டுப் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. மூன்று பிள்ளைகள்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், கொட்டை நீக்கிய பஞ்சு காய்ந்துபோய் மெசினிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். பிரஸ்ஸில் அமுங்கவே அமுங்காது. அதனால் வயலுக்கு மருந்தடிப்பது போன்ற ஒரு பம்பியை முதுகில் மாட்டிக்கொண்டு, பஞ்சின் மேல் தண்ணீரைப் பனியாகத் தூவ வேண்டும். பொதிக்கு இவ்வளவு என்று முதலாளி ஓர் அளவு வைத்திருந்தார். ஈரம் நிறையையும் கூட்டுமல்லவா, அந்த அளவில் அவருக்குத் தனி ஆசை.

மாரி தொடங்கிய பிறகும் அதே அளவுதான். அக்கா பஞ்சை அள்ளிக் கசக்கிப் பார்த்துவிட்டு, என் முன்னால்தான் சொன்னாள்.

“காத்திலயே ஈரம் கிடக்கு முதலாளி. இன்னும் தண்ணி தெளிச்சா பொதி உள்ளுக்க சூடேறிப் பழுதாப் போயிரும்.”

“எனக்குப் படிப்பிக்க வாறியா? சொன்னதச் செய்.”

செய்தாள். வேறென்ன செய்வாள்? பொதிகளைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்கவாவது சொல்லிப் பார்த்தாள். அதற்கு இடமில்லையாம். வெறும் சீமெந்துத் தரையில், ஈரச் சுவரோடு ஒட்டி அடுக்கினோம்.

சில வாரங்களில், வாங்கியவர்கள் லொறியோடு திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு பொதியை வெட்டிக் காட்டினார்கள். நடுவெல்லாம் மஞ்சள், பூஞ்சணம், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். அவர்கள் முன்னால் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இதுக்கு ஆர் தண்ணி தெளிச்ச?”

“அக்காதான்.”

ஆர் தெளிக்கச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீ, வாய் வரவில்லையாம்! என் வேலையும் போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. அன்றைக்கே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மன்னிப்புக் கேட்கலாமென்று மில் வாசல் கேற் வரைக்கும் அவள் பின்னால் ஓடினேன். நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ பொய் சொல்லல்ல புள்ள. பொய் சொல்லியிருந்தா அதச் சொல்லியாவது உன்னோட சண்டை பிடிச்சிருப்பன்.”