கஞ்சி போட்ட சட்டை

அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து "நீதானே போட்டே?" என்று விரலை நீட்டக் கூடாது. நீட்டியவர்கள் போதும். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை போட்டேன். சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, கட்டி தட்டாமல் தண்ணீர் கலந்து, சட்டையை முக்கிப் பிழிந்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தேன். ஏன் போட்டாய் என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடு ஒன்றில், குடியிருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் ஆலையில் அடுப்புக்காரர். கொழுந்தைக் காயவைக்கும் சூட்டுக் காற்று அந்த அடுப்பிலிருந்துதான் போகும். இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கதவு, உள்ளே எப்போதும் நெருப்பு. அவரும் இன்னொரு தம்பியும் சேர்ந்து விறகு தள்ளுவார்கள். விறகு லோரி பனிமூட்டத்தில் பின்னால் வரும்போது வெளியே நின்று வழிகாட்டுவதும் அவர்கள் வேலைதான்.

பாதுகாப்பு என்றால் என்னவென்று அப்போதெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். சாக்கை நனைத்துக் கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும்படி கட்டிக்கொள்வார்கள். கதவுக்கு நேராக நிற்க மாட்டார்கள். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, நீளக் கம்பியால் கொக்கியை இழுத்துத் திறப்பார்கள். "மொதல்ல நெருப்பு வெளிய வரும், அது வரட்டும். அப்பறந்தான் நாம கிட்டப் போவணும்" என்பார் என் வீட்டுக்காரர். பத்து வருஷம் அப்படித்தான் நின்றார். புருவம் கருகும், கையில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். அதற்கு மேல் ஒன்றும் ஆனதில்லை.

பிறகு அந்தச் சட்டைகள் வந்தன. மேலிடத்திலிருந்து இரண்டே இரண்டு. கனமான துணி, ஆரஞ்சு நிறம். நெஞ்சிலும் முதுகிலும் பளபளவென்று ஒரு பட்டை. லோரி விளக்கு பட்டால் பனியிலும் மின்னும். துணியில் ஏதோ மருந்து ஏற்றியிருக்கிறார்களாம், நெருப்புப் பிடிக்காதாம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் கிராணி பொட்டலத்தைப் பிரித்தார். கூடவே வந்த இங்கிலீஷ் தாளை மடித்து மேசைக்குள் போட்டார். சட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஏங்கய்யா, போட்டுக்கக் குடுக்கலையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

"அடுப்புக்கிட்ட போட்டா அழுக்காயிடும்லா. ஆளுங்க பார்க்க வரப்போ போட்டுக்கலாம்" என்றாராம் கிராணி.

கேட்டீர்களா அநியாயத்தை? அடுப்புக்கு வந்த சட்டை அடுப்புக்கிட்டப் போனால் அழுக்காகிவிடுமாம்! அன்றைக்கு நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இன்று என்னையே அறையத் தோன்றுகிறது.

டவுனிலிருந்து பெரிய ஆட்கள் வரும்போதெல்லாம், முதல் நாள் சாயங்காலம் சட்டை எங்கள் வீட்டுக்கு வரும். நான் கஞ்சி போட்டால் துணி தனியாக எழுந்து நிற்கும் என்று லயத்தில் பேர். கல்யாண வேட்டி என்றால் என்னிடம்தான் வரும். கிராணியின் வெள்ளைச் சட்டைகளுக்கும் நான்தான் கஞ்சி போடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. முதல் தடவை கிராணியே வாசலில் வந்து நின்று சொன்னார்.

"என் சட்டை மாதிரியே மொடமொடன்னு நிக்கணும். தோட்டத்து மானமே இதுலதான் இருக்கு. அந்தத் தம்பி வீட்டுலயும் சொல்லிட்டேன்."

கழுத்துக்கு உட்புறம் வெள்ளையாக ஒரு சின்னத் துணி தைத்திருந்தது. பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை, கேட்டேன். "ஐயா, இதுல என்னா எழுதியிருக்கு?"

"செஞ்ச கம்பெனி பேருலா. உனக்கு எதுக்கு அது?"

எனக்கு எதற்கு! சவுக்காரத்தைத் தேய் தேய் என்று தேய்த்து, கஞ்சி போட்டுக் கொடுத்தேன். மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்தில் சட்டை அலமாரிக்குத் திரும்பிவிட்டது. மறுபடி நனைத்த சாக்குதான்.

நான்காவது தடவை வந்தவர்கள் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சாக்கைக் கழற்றச் சொன்னார்கள். ஒதுங்கி நின்றால் என் வீட்டுக்காரர் படத்தில் விழமாட்டாராம். கிராணி அவரைத் தோளைப் பிடித்துக் கதவுக்கு நேரே நிறுத்தினார். "இந்தச் சட்டை எரியாது, பயப்படாம கிட்டப் போ" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். படம் எடுத்தார்கள். பிறகு தோட்டத்து வண்டியிலேயே ஏறி, கோபிஸ் என்கிற முட்டைக்கோஸும் பூவும் வாங்குவதற்காகக் கியா பார்ம் சந்தைக்குப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் சட்டையைத் திருப்பி வாங்க கிராணிக்கு மறந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அந்தச் சட்டையோடு வேலை செய்த ஒரே நாள் அதுதான். ஈர விறகு. உள்ளே புகை அடைத்திருக்கிறது. நேரே நின்று கதவைத் திறந்தார். நெருப்பு பாய்ந்து வந்து வலது கையைப் பிடித்தது. சட்டை எரிந்தது.

"எரியாதுன்னு சொன்னாங்களேடி, அதனால ஒடனே கையக்கூட ஒதறல. பாத்துக்கிட்டே நின்னேன்" என்றார் என்னிடம் பிறகு. பாவி மனுஷன்! பத்து வருஷமாக நெருப்பை நம்பாதவர், அன்றைக்கு ஒரு துணியை நம்பினார். கூட இருந்த தம்பிதான் மூலையில் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கி அவர் மேல் போட்டு அமுக்கினான். அந்தச் சாக்கு இல்லையென்றால் முகமும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. வண்டிதான் கோபிஸ் வாங்கப் போயிருந்ததே. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லோரியை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனகினார்.  

பத்து நாள் கழித்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நான் போனேன். துரை உட்கார்ந்திருந்தார். எங்கள் துரைக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் மாட்டார். பக்கத்தில் கிராணி. மேசை மேல் எரிந்த சட்டை. சாட்சி சொல்ல அந்தத் தம்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆலையிலிருந்து நேரே வந்தவன் சுவரோரமாக நின்றான்.

கிராணி சட்டையின் கழுத்தைப் பிரித்து, அந்த வெள்ளைத் துணியைப் படித்துக் காட்டினார். கம்பெனி பேர் என்று என்னிடம் சொன்னாரே, அதே துணிதான். கட்டிச் சவுக்காரம் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம். கஞ்சி போடவே கூடாதாம். போட்டால் மருந்து இருந்தும் பயனில்லை, துணி நெருப்புப் பிடிக்குமாம்.

 என் கையாலேயே கொளுத்திவிட்டேன் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். நாற்காலி இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

கிராணி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நாங்க கொடுத்த பொருளை நீங்களே கெடுத்துட்டீங்க. இதுல கைநாட்டு வை."

"வெச்சா என்னாகும்?"

"தப்பு உங்க பேருல போவும். அவருக்கு இனிமே இங்க வேலை இல்ல. வீட்டைக் காலி பண்ண ஒரு மாசம் டைம் குடுப்பாங்க."

கை போய்விட்டது, இப்போது வேலையும் வீடும்! எரிந்தவன் தலையிலேயே எரித்த பழியையும் கட்டுகிறார்கள்.

"ஐயா, கஞ்சி போடச் சொன்னது யாரு?" என்றேன்.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றார். கூசவே இல்லை. அப்போது அவர் உடம்பில் இருந்த சட்டை நான் கஞ்சி போட்டது. கழுத்துப்பட்டை நான் தேய்த்த மடிப்போடு விறைப்பாக நின்றது. அதைப் பார்த்ததும் என் அழுகை எங்கே போனதோ தெரியவில்லை.

என்ன செய்வதென்று திரும்பியபோதுதான் சுவரோரம் நின்ற தம்பியைச் சரியாகப் பார்த்தேன். அவன் மேல் இருந்தது அந்த இரண்டாவது ஆரஞ்சுச் சட்டை.

"தம்பி, இது எப்பலேர்ந்து போட்டிருக்கே?"

"அண்ணனுக்கு அடிபட்ட மறுநாள்லேர்ந்துக்கா. தெனமும் போடச் சொல்லிட்டாங்க. போடாட்டி பேர வெட்டி அன்னிச் சம்பளத்தப் புடிச்சிருவாங்களாம்."

கையை நீட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தேன். மொடமொடவென்று இருந்தது. விரலால் சுரண்டினேன், வெள்ளையாக உதிர்ந்தது. அவன் பெண்டாட்டி போட்ட கஞ்சி.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ! "தொரை! இங்க பாருங்க. இந்த எழுத்தப் படிச்சுட்டுத்தானே என்னை இங்க கூப்புட்டீங்க? கஞ்சி போட்டா எரியும்னு ஒங்களுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சும் அதே கஞ்சிச் சட்டையோட இந்தப் புள்ளைய எப்படி அடுப்புக்கு முன்னாடி நிறுத்துனீங்க? எனக்குப் படிக்கத் தெரியாது, நான் கெடுத்தேன். ஒங்களுக்கு என்னா தெரியாது?"

 தம்பி தன் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு பட்டன்களைப் பிய்க்காத குறையாகச் சட்டையைக் கழற்றித் துரையின் மேசையில், எரிந்த சட்டைக்குப் பக்கத்தில் வீசினான்.

"ரெண்டு வீடு. ரெண்டு பொம்பள. ஒருத்தரும் சொல்லாமலா ரெண்டு பேரும் ஒரே மாதிரி கஞ்சி போட்டோம்?" என்றேன் கிராணியைப் பார்த்து. அவர் தாளை நேராக்குவதுபோல் குனிந்துகொண்டார். துரை கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்னக் குரலில்தான் சொன்னார், ஆனால் கிராணியின் காது சிவந்தது. தாளைத் துரையே எடுத்து மடித்து உள்ளே வைத்தார். நான் கைநாட்டு வைக்கவில்லை.

வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. அவரை ஆலை வாசலில் காவலுக்குப் போட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கிராணி வீட்டுத் துணியை அன்றோடு நிறுத்தினேன். வடித்த கஞ்சியைக் கோழிக்கு ஊற்றினேன்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்ப என்னைக் கொளுத்துனது நீதானாடி?" என்று சிரித்தார். சும்மா சீண்டுவதற்குத்தான். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். அதன் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அந்தக் கை கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. தினமும் காலையில் அவர் சட்டைக்கு நான்தான் பட்டன் போட்டுவிடுவேன்.

மறுமாதம் புதுச் சட்டைகள் வந்தன. அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெரிய தாளும் ஒட்டினார்கள். சட்டையை எப்படித் துவைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது என்றான் அந்தத் தம்பி.

"நீ படிச்சியாடா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா படிக்கிறது? எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."