முதல் பீச்சுப் பால்

பாஞ்சாலை எங்கள் தெருவுக்கு இருபது வருடமாகப் பால் ஊற்றுகிறாள். அதற்கு முன்னால் ஊற்றியது அவள் புருஷன் மாயவன். தண்ணீர் கலந்து ஊற்றியவன். ஜங்ஷன் ரோட்டு டீக்கடைக்காரர் ஒருநாள் நாலு பேர் பார்க்க அவன் கேனை ரோட்டில் கவிழ்த்துவிட்டார். மறுநாள் கேனைத் தூக்கியவள் பாஞ்சாலை. "ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா எம் மூஞ்சிலயே ஊத்துங்க" என்று வீடு வீடாகச் சொல்லித்தான் வாடிக்கை பிடித்தாள். அந்தப் பாலில்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள்.

நான் செராமிக் பட்டறையில் அச்சில் களிமண் குழம்பு ஊற்றுகிறவன். போன சித்திரையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

"கொழுப்புப் பாலு இன்னைக்கே ஒண்ணும் செஞ்சிடாதுங்க" என்றார் டாக்டரம்மா. "வருஷக்கணக்குல சேர்ந்துதான் காட்டும். எல்லாருக்கும் கெடுதலான்னா, அதுல இன்னும் பேச்சு ஓடிக்கிட்டுதான் இருக்குது. உங்க ரத்தத்துல கெட்ட கொழுப்பு அதிகம். நீங்க கொழுப்பு எடுத்த பாலுக்கு மாறிடுங்க."

கடையில் அப்படிப் பாக்கெட் பால் வாங்கினால் முடிந்தது. ஆனால் பாஞ்சாலையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய புத்திசாலி மாதிரி ஒன்று சொன்னேன்.

"பாஞ்சால, எனக்கு மட்டும் பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் குடு."

அளந்துகொண்டிருந்த கை நின்றது. "எங் கையால பால்ல தண்ணி ஊத்தணுமா? வேணான்னா நிறுத்திக்கங்க அண்ணே." கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நாம ஊத்திக்க மாட்டமா? அவகிட்டப் போயி எதுக்குச் சொன்னீங்க?" என்று என் வீட்டுக்காரி கமலம் திட்டினாள்.

இரண்டு நாள் பாஞ்சாலை வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தனியாக ஒரு சின்னத் தூக்கோடு வந்து நின்றாள்.

"இது மொதப் பீச்சு. காம்புல மொதல்ல வர்றது தண்ணியாத்தான் வரும். கொழுப்பெல்லாம் கடைசிலதான் எறங்கும். தெனம் இதையே உங்களுக்குத் தனியாப் புடிக்கறேன்."

"அப்ப கடைசிப் பாலு?"

"எதிர்வூட்டுக்காரருக்கு. அவரு டாக்டருகிட்டப் போற வரைக்கும் குடிக்கட்டும்."

கமலம் சிரித்துவிட்டாள். பாஞ்சாலை சிரிக்கவில்லை. தூக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரருக்குக் கடைசிப் பாலாத்தான் எடுத்து வைப்பேன், தெம்பா இருக்கட்டும்னு. நெஞ்சு வலிலதான் போனாரு. பாலாலதான் போனாருன்னு சொல்லல. பீடியும் குடிச்சாரு. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது அண்ணே."

முரட்டு ஆள் நான். பாத்திரத்தை மட்டும் நீட்டினேன்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, "அளந்து பாக்காம நம்ப முடியாதுங்க. அதையும் காய்ச்சி ஆற வச்சு, ஆடையை எடுத்துட்டுக் குடிங்க" என்றார். கமலம் அப்படியே செய்கிறாள். மாத்திரையும் தவறுவதில்லை.

ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்த சீட்டைப் பாஞ்சாலை கையில் வாங்கினாள். படிக்கத் தெரியாது.

"இதுல கொழுப்பு எது அண்ணே?"

விரலை வைத்துக் காட்டினேன். "கொறஞ்சிருக்குது. மாத்திரையாலன்னு சொல்றாங்க."

"எதாலயோ கொறையட்டும். இன்னும் எவ்ளோ எறங்கணும்?"

"முப்பது."

"எறக்கிடலாம்" என்று சீட்டைக் கமலத்திடம் கொடுத்துவிட்டுப் பால் ஊற்றினாள்.